கேட்காமல் வாங்கியது

யாரிடமும் கை நீட்டிக் கேட்டவள் இல்லை நான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஓர் அரசு மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் வேலை எனக்கு. சக்கர நாற்காலி தள்ளுவது, பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது. வேலை முடிந்ததும் இருபதோ ஐம்பதோ மடித்துக் கையில் வைப்பார்கள். சந்தோஷமாகக் கொடுப்பதை வாங்கினால் என்ன தப்பு? அதுதான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே என்று யாராவது நியாயம் பேசினால், ஒரு நாள் வந்து பெட்பேன் அலசிப் பார் என்று வாயை அடைத்துவிடுவேன்.

எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் கூலிக்காரர்களுக்குச் சனிக்கிழமைதான் பட்டுவாடா. அதனால் ஞாயிற்றுக்கிழமை வார்டில் நல்ல வரும்படி இருக்கும். வெள்ளிக்கிழமை யார் கையிலும் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களும் குறைவு. வெள்ளி என்றால் வேலை கம்மி, கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் இருந்தேன். ஏன் கம்மி என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மரமண்டை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜன்னலோரக் கட்டிலில் தோல் தொழிற்சாலை ஆள் ஒருவர் படுத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இருதயம் பலவீனம். கக்கூசுக்குக்கூட நடக்கக் கூடாது, நாற்காலியில்தான் போகவேண்டும் என்று டாக்டர் அவர் மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் அதே தொழிற்சாலையில் கூலிக்குப் போகிறவள்தான். நான் பத்தடி தள்ளி, அந்தச் சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கணவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடத்திப் போனாள். அவள் கூப்பிடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

கக்கூஸ் வாசலில் அவர் அப்படியே சரிந்துவிட்டார். டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். உயிர் போய்விட்டிருந்தது.

எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. டாக்டர் அவ்வளவு சொல்லியும் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று, பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவள் அழக்கூட ஆரம்பிக்கவில்லை.

"கையில ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு கூலி போட்டுடுவாங்க, அப்பால கூப்பிடலாம்னு இருந்தேன்."

இத்தனை ரூபாய் என்று நான் வாய்விட்டுக் கேட்கிறவளாக இருந்திருந்தால்கூட, நாளைக்குத் தருகிறேன் என்று அவள் கடன் சொல்லியிருப்பாள். கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்தவளிடம் அவள் எப்படிக் கடன் சொல்வாள்? இருபது ரூபாய் இல்லாதவர்கள் எத்தனை வெள்ளிக்கிழமை என் எதிரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்களோ, பாவி எனக்குத் தெரியாது.

சாயங்காலம் உடலை நான்தான் வண்டிவரை தள்ளிக்கொண்டு போனேன். அவளுடைய தம்பி யாரிடமோ கைமாற்று வாங்கிக்கொண்டு வந்திருந்தான். உடலை ஏற்றியதும் அவள் அவனிடமிருந்து இருபது ரூபாயை வாங்கி, மடித்து, என் கையில் வைத்தாள். வேண்டாம்மா என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் முகத்தில் பயம் வந்துவிட்டது.

"கம்மியா இருக்காக்கா?" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பி, இன்னும் பத்து ரூபாய் இருக்கிறதா என்று கேட்டாள்.