இரண்டுக்கும் ஒரு கார்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காரின் பின்சீட்டு கிடக்கும். கருஞ்சிவப்பு ரெக்சின் போட்ட நீளமான சீட்டு. ஒரு மூலையில் தையல் விட்டுப் போய்த் தேங்காய்நார் எட்டிப் பார்க்கும். அத்தான் விடிந்ததும் விடியாததுமாக அதைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் போடுவார். "பாரம் கொறஞ்சாத்தான் வண்டி பறக்கும் டீச்சரம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் போனபின் என் அக்காள் அந்தச் சீட்டை ஒரு பார்வை பார்ப்பாள். அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. இருக்கிற சாமான்கள் போதாதென்று இதையும் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறதே என்கிற அலுப்பு. அந்த அலுப்பு அந்த வருஷங்களில் அவள் முகத்திலேயே குடியிருந்தது.

அத்தான் என் அக்காளின் கணவர். ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் சின்னதாக ஓர் அரிசி மில் வைத்திருந்தார். நான் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அத்தானுக்கு வேகம் என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். திருமயம் தாண்டி, யுத்தத்தின்போது விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட நீண்ட ஓடுதளம் ஒன்று கிடந்தது. யுத்தம் முடிந்தபின் அங்கே ஆடுகள்தான் மேய்ந்தன. ஊரில் அதற்கு ஏரோட்ரோம் என்று பெயர். ஞாயிறு தோறும் வண்டி வைத்திருந்த சிலர் அங்கே கூடிப் பந்தயம் விடுவார்கள். தோற்றவர் எல்லாருக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தாலும் தோற்றாலும் அத்தான் புழுதி படிந்த முகத்தோடு ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அவர்களுடைய ஒரே மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். மூன்றாவது வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இரண்டு கால்களும் துவண்டு போயிருந்தன. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் வைத்தியம் நடந்தது. காலுக்குக் கரண்ட் வைப்பதும், இரும்புச் சட்டம் அடித்த பூட்ஸ் மாட்டுவதும், அதை வளர வளர மாற்றுவதுமாக அலைச்சல் ஓயவில்லை. அக்காள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருவாள். லீவு கிடைக்கும்போது நானும் கூடப் போவேன். ஒரு தடவை பக்கத்து சீட்டுக்காரி, "இம்புட்டுப் பெரிய பிள்ளைய எறக்கி நிப்பாட்டுறதுதானே" என்றாள். முதலில் இப்படிக் கேட்பவர்களுக்கெல்லாம் அக்காள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு கோடையில் மேலூருக்கு அருகே பஸ் நின்றுபோக, வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டு வந்தவள், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் உள்ளே வரச் சொன்னபோது, "இனிமே பஸ்ஸுல என்னால ஆகாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரமே அத்தான் மோட்டார் சைக்கிளை விற்றார். கார் வாங்கலாம் என்றார். அன்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஒரு காருதான் நம்மளால முடியும். அது ரெண்டுக்கும் ஆகணும்."

"எது ரெண்டுக்கும்?" என்றாள் அக்காள்.

"பாப்பாவுக்கும் ஆகணும். எனக்கும் ஆகணும்."

பிள்ளை நடக்காமல் கிடக்கும் வீட்டில் ஓர் ஆண் இப்படிக் கேட்கலாமா என்று எனக்குச் சுரீரென்றது. "சரி, பாருங்க" என்றாள் அக்காள்.

நாங்கள் மூன்று கார்களைப் பார்த்தோம். முதலாவது, காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் நின்ற கறுப்பு நிற அமெரிக்கக் கார். உள்ளே ஏறி உட்கார்ந்த அக்காளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. சீட்டு கட்டில் மாதிரி இருந்தது. அத்தான் அதை ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, "தேரு மாதிரி இருக்கு. திருப்பணும்னா நாலு பேரு வடம் பிடிக்கணும்" என்றார். இரண்டாவது, திருச்சியில் ஓர் எஸ்டேட்காரரிடம் இருந்தது. மேலே கூரை இல்லை. இரண்டு பேர்தான் உட்காரலாம். அத்தான் அதன் முகப்பைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிக்கொண்டு நின்றார். "பாப்பாவை எங்கிட்டு வைக்கிறது, டிக்கியிலயா?" என்றாள் அக்காள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதும் திருச்சியில்தான். ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போகிற ஒரு டாக்டருடைய கார். வெளிர்பச்சை நிறம், நான்கு கதவுகள், அடக்கமான உடம்பு. அக்காள் பாப்பாவுக்கு இரும்பு பூட்ஸை மாட்டி, முழங்கால் மடங்காதபடி பூட்டி, பின்சீட்டில் குறுக்காக உட்கார வைத்துப் பார்த்தாள். கால்கள் நீட்டியபடி வசமாக அமைந்தன. பிறகு யார் உதவியும் இல்லாமல் தானே பிள்ளையைத் தூக்கி இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். தலை இடிக்கவில்லை. பூட்ஸ் கதவில் மாட்டவில்லை. "நீங்க இல்லாத நேரத்துல நாந்தானே தூக்கணும்" என்று அத்தானிடம் சொன்னாள். அடுத்து அவருடைய முறை. எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ரோட்டில் விட்டார். நார்த்தாமலைக் குன்றுகள் தெரிகிற இடத்தில் ஒரு வளைவு வந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கார் தரையைப் பிடித்துக்கொண்டு வழுக்காமல் திரும்பியது. பின்னால் பாப்பா என் மடியில் சரிந்து விழுந்து கெக்கலி கொட்டினாள். அத்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இதான்" என்றார். "ஆமாங்க, கதவு நல்ல அகலம்" என்றாள் அக்காள்.

அப்படி வந்த காரின் பின்சீட்டுதான் ஞாயிறு தோறும் கூடத்துக்கு வந்தது. ஆறு நாள் அது எங்களுடையது. ஏழாம் நாள் அவருடையது. பாப்பா அந்தச் சீட்டின்மேல் படுத்துக்கொண்டு, அப்பா வரும்வரை வாயாலேயே கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆறு வயதாகியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இது என் சீட்டு. நானும் வாரேன்."

"அங்கிட்டு ஒரே வெயிலும் தூசியும்டா. ஒனக்கு ஆகாது" என்றார் அத்தான்.

அடுப்படியிலிருந்து அக்காள் வந்தாள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவளுக்கு என்னதாங்க ஆகும்? ஊசி ஆகும், கரண்டு ஆகும், இரும்பு ஆகும். வாரத்துல ஒரு நாளு நீங்க எங்கயோ போயிச் சிரிச்சுக்கிட்டு வர்றீங்களே, அது மட்டும் ஆகாதா?"

அத்தான் சீட்டை எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் மாட்டினார். நாங்கள் எல்லாரும் போனோம்.

பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பந்தயத்தில் ஓட முடியாது என்று அங்கே கொடி காட்டுகிறவர் சொல்லிவிட்டார். அத்தானும் வாதாடவில்லை. ஓரமாகக் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து, யார் யார் என்ன வண்டி என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் டிபனுக்குப் புறப்பட்டுப் போனபிறகு, காலியான ஓடுதளத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கப்புறம் நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. காற்று இரைச்சலாக உள்ளே புகுந்தது. அக்காள் அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு "மெதுவாங்க, மெதுவா" என்று கத்தினாள், கத்தும்போதே சிரித்தாள். பாப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, "சித்தி, காத்து தொண்டைக்குள்ள போகுது" என்றாள். வண்டி நின்றபோது, அக்காளைப் பழைய ஆளாகப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அத்தான் சீட்டைக் கழற்றவில்லை. பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. பந்தயம் முடிந்தபிறகு போவதே எங்கள் வழக்கமாயிற்று.

அதன்பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மதுரை அலைச்சல் நிற்கவில்லை. கார் இருக்கிற வீடு என்று தெரிந்ததும், பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆள் மேல் ஆளாக வந்து கேட்டார்கள். மில்லில் வேலை கூடியது. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் நின்றாலும் அத்தானே ஓட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர், "சாயங்காலம் போவோம்டா" என்பார். சாயங்காலம் எழுப்ப எங்களுக்கு மனம் வராது. ஏரோட்ரோம் பக்கம் போவது மாதம் ஒரு தடவையாகி, பிறகு எப்போதாவது என்றாயிற்று. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லாரும் களைத்திருந்தோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், மதுரை டாக்டர் அத்தானையும் அக்காளையும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். அவர்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். இனி வைத்தியத்தில் புதிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை, இந்தக் கால்கள் இப்படியேதான் இருக்கும், இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்றாராம். நான் பாப்பாவோடு வெளியே பெஞ்சில் இருந்தேன்.

திரும்பும் வழியில் பாப்பா என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். அத்தான் மாட்டுவண்டிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனார். முந்துவதற்கு இடமிருந்தும் முந்தவில்லை. திருப்பத்தூர் தாண்டியபிறகு அக்காள், "எதுக்கு வாங்குனமோ அந்த வேலை முடிஞ்சுபோச்சு. வித்துரலாங்க" என்றாள். அவர் "ம்" என்றார். ஏரோட்ரோமுக்குப் பிரிகிற மண்பாதை வந்தபோது அவளே, "அங்கிட்டுத் திருப்புங்க" என்றாள்.

"இப்பயா? பாப்பா தூங்குதே."

"தூங்கட்டும்."

வாரநாள், நல்ல உச்சிவெயில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு ஆடுகளை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார். அத்தான் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஓட்டினார். அந்தக் கார் அத்தனை வேகம் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாப்பாவின் தலை ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் மெதுவா என்று சொல்லவில்லை. கோடியில் போய் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். "திருப்பி ஒருக்கா போங்க" என்றாள் அக்காள். போனார். இரண்டாவது தடவை நின்றதும் அவர் தலை ஸ்டியரிங்கில் கவிழ்ந்துவிட்டது. அக்காள் அவர் முதுகில் கையை வைத்தாள். நான் கூட இருக்கும்போது அவள் அவரைத் தொட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்து, "வீட்டுக்குப் போவோம். நாளைக்கு மில்லுக்குப் போகணுமில்ல" என்றாள்.

காரை விற்கவில்லை. அந்த ஜூன் மாதம் பாப்பாவை என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன். தினமும் காலையில் அத்தான் கொண்டுவந்து விட்டார். பிறகு ஹைஸ்கூல், அதற்கப்புறம் காலேஜ் என்று அந்த வண்டி தேய்ந்து உட்காரும்வரை அந்த வேலைதான் அதற்கு.

அத்தானும் அக்காளும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. பாப்பா சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள். நான் இப்போது அவளோடு இருக்கிறேன். இருவரில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வது கஷ்டம். போன வாரம், கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், விசிறிக்கொண்டே ஏதேதோ பேசியபோது, இந்தக் கதையை முதல்தடவையாக அவளிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அது என்றைக்கோ தெரிந்த விஷயம். ஏரோட்ரோமுக்குத் திரும்பியதைச் சொன்னதும் விசிறி நின்றது.

"ரெண்டு தடவையா போனீங்க?"

"ஆமா."

"முழு ஸ்பீடுலயா?"

"ஆமாடி."

அறுபது தாண்டிய அந்த முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"நானும் வண்டியிலதானே சித்தி இருந்தேன்? என்னைய எழுப்பியிருக்கலாமில்ல?"