பிளக்கைக் கழற்றிய பிறகும் கேட்ட சத்தம்

கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். துறைமுகத்தைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் வேலைத்தலம். அன்று பிற்பகல் என் மனைவியின் தங்கையுடைய கல்யாணக் காட்சிகளை, கணினியிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தேன். கமெராவின் மெமரி கார்டுகளை அழித்து, கந்தளாயில் நடந்த வேறொரு கல்யாணத்துக்கு ஏற்கனவே கொண்டுபோயிருந்தேன். ஆக, மச்சாளின் கல்யாணம் முழுதாக இருந்தது அந்தக் கணினிப் பெட்டிக்குள் மட்டும்தான்.

பிரதி பாதியைத் தாண்டியிருக்கும். பெட்டிக்குள்ளிருந்து ‘டக், டக், டக்’ என்று ஒரு சத்தம்.

செத்துப்போகும் ஹார்ட் டிஸ்க் அப்படித்தான் தட்டும். முன்பு ஒரு டிஸ்க்கை அதே சத்தத்தோடு இழந்திருக்கிறேன். பிரதியை நிறுத்தினால் டிஸ்க் மறுபடி உயிர்க்குமோ தெரியாது. ஓடவிட்டால் உள்ளதும் தேய்ந்து போகலாம்.

ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் என் மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள்.

“என்ன, முகம் இப்பிடி இருக்கு?”

“தங்கச்சின்ர கல்யாணம் போகப்போகுது. கேளும்.”

‘டக், டக், டக்.’

அவள் கைப்பையைக் கதிரையில் போட்டாள். “முதல்ல நிப்பாட்டுங்கோ. எங்கயிருந்து வருது எண்டு பாப்பம்.”

பிரதியை இடைநிறுத்தினேன். உப்புக் காற்றில் துருவேறிய திருகாணிகளோடு மல்லுக்கட்டிப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். விசிறிகள் ஒழுங்காகச் சுற்றின. எந்த வயரும் அவற்றில் உரசவில்லை. சத்தம் ஒரு சீராகவும் இல்லை. தட்டும், அடங்கும், நாங்கள் மூச்சு விட்டதும் திரும்பத் தட்டும்.

அவள் உள்ளே போய் ஸ்டெதஸ்கோப்போடு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. காதில் மாட்டிக்கொண்டு, மறுமுனையை டிஸ்க்கின் மேல் மெல்ல வைத்துக் கண்ணை மூடினாள்.

‘டக், டக், டக்.’

“இதுக்குள்ள இல்லை!” என்றாள். “இதில சுத்துற இரைச்சல் மட்டும்தான். தட்டினது வெளியில கேட்டது.”

“வடிவாக் கேட்டனீரோ?”

“ஓம், நீங்களே கேட்டுப் பாருங்கோ.”

கேட்டேன். டிஸ்க் மழைச் சத்தம்போல ஒரே சீராக ஓடியது. டிஸ்க் இல்லை, விசிறி இல்லை என்றால் வேறென்ன? கணினியை முறைப்படி அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் கழற்றினேன். எல்லா இரைச்சலும் அடங்கியது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலின் எஞ்சின் மட்டும் தூரத்தில் கேட்டது. இருவரும் பெட்டியின் முன்னால் குந்தி இருந்தோம்.

‘டக், டக், டக்.’

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நானும் கத்தினேன். கரண்ட் இல்லாத பெட்டி தட்டுகிறது!

கைபேசியின் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். மேலே, பழைய டிவிடி கருவியைக் கழற்றிய வெற்றிடத்தில், இளஞ்சூட்டில் சுகமாக ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கொழுத்த பல்லி. எங்களைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னது. தகரத்துக்குள் எதிரொலித்ததால்தான் அப்படி உலோகம் தட்டுவதுபோல் கேட்டிருக்கிறது. பின்பக்கம் மூடி இல்லாத ஒரு துவாரம் இருந்தது. அதால்தான் வந்திருக்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரால் தகரத்தைத் தட்டினேன். பல்லி விசைப்பலகையில் குதித்து, மனைவியின் தோளில் ஏறி, அவள் போட்ட கூச்சலில் சுவருக்குத் தாவியது. சிரித்துச் சிரித்து எங்களால் எழும்ப ஏலாமல் போய்விட்டது.

துவாரத்தை டேப்பால் ஒட்டி, எல்லாவற்றையும் மாட்டி, பிரதியை மறுபடி தொடங்கினேன். ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. தாலி கட்டும் காட்சியைத் திறந்து பார்த்த பிறகுதான் மனைவி தங்கைக்கு அழைத்து, நடந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் மச்சாள் மிகக் கவலையோடு கேட்டாள்:

“அக்கா, பல்லி எந்தத் திசையில இருந்து சொன்னது?”