வெள்ளிக்கிழமையும் மரைத் தலையும்

எட்மண்டனில் ஒரு வீட்டுச் சுவரில் சாமான் பூட்டும் வேலைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். எதைப் பார்த்தாலும் இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அப்படித்தான் என் சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்தார்.

"என்ன தம்பி அது?"

"மீன்குழம்பும் சோறும், அண்ணை."

"இண்டைக்கு வெள்ளி. வீட்டுக்குள்ளை மச்சம் மாமிசம் கொண்டு வரேலாது. வெளியிலை வையும்."

தூறலில் மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன். சோபாவில் பாடம் பண்ணிய ஒரு மிருகத்தின் தலை கிடந்தது. எங்கள் நாட்டு மரைமானைப் போல, ஆனால் அதைவிடப் பெரியது. அதைத்தான் சுவரில் பூட்ட வேண்டுமாம்.

"அமெரிக்காவிலை, மேற்கு மலையிலை சுட்டனான். குதிரையிலை ஏறி, பிறகு கல்லுக்குள்ளாலை தவண்டு போய், ஒரே வெடி!"

"இறைச்சி?"

"அது ஆருக்கு வேணும்? கூட்டிக்கொண்டு போனவங்களுக்குக் குடுத்திட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ரை மீன் மச்சமெண்டால் இது என்ன, அண்ணை?"

"இதைச் சாப்பிடவோ போறம்?" என்றார். அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தலையைப் பூட்டினேன். அவர் சாமியறைக்குப் போய்ச் சந்தனம் எடுத்து வந்தார். கண்ணூறு நாவூறு படக்கூடாதாம். ஏணியில் ஏறி அந்த மிருகத்தின் நெற்றியில் பொட்டு வைத்தார்.

பிறகு இறங்கி, நாலடி பின்னால் போய், பொட்டு நடுவில் இருக்கிறதா என்று இடக்கண்ணை மூடிப் பார்த்தார்.