பங்கில் போன பிளசர்

கடலைக்காய் மூட்டையைத் தோளிலிருந்து களத்தில் இறக்கினால் 'தும்' என்று ஒரு சத்தம் வருமே, எங்கள் வீட்டு அமெரிக்கக் காரின் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம்தான் வரும். மற்றவர்களுடைய கார்கள் தகர டப்பாவை மூடுவது போலச் சத்தமிட்ட காலத்தில், அந்த ஒரு 'தும்' கேட்டதுமே தெருவில் இருப்பவர்கள் எங்கள் வீட்டு வண்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். வண்டிக்கு இரண்டே கதவுகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் மாட்டுக்கொட்டகைப் படலைவிட நீளம். பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டின் முதுகை மடக்கி, குனிந்து, ஒருக்களித்து நுழைய வேண்டும். பெரியவர்கள் யாராவது நுழைந்தால் வெளியே எடுக்க ஆள் வைத்து இழுக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பின் சீட்டு எனக்கே எனக்கென்று பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே யாரும் கார் என்று சொல்லமாட்டார்கள், 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். எங்களுடையது 'ரெண்டு கதவு பிளசர்'. அதன் கம்பெனிப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் இதைப் பாதியில் விட்டுவிட்டுக் கைப்பேசியில் விலை தேடப் போய்விடுவீர்கள். அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, சேலத்து மில்காரர் ஒருவரிடமிருந்து அதை வாங்கி வந்தார் என்பதும், இரண்டு கதவுதான் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார் என்பதும் எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. ஸ்டேரிங் வேறு இடப்பக்கம் இருந்தது. அப்பா இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட, அம்மா வலப்பக்கம் தலைநிறையக் கனகாம்பரத்தோடு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே வருகிற லாரி டிரைவர்கள் சும்மா உட்கார்ந்தே வண்டி ஓட்டுகிற அந்தப் பொம்பளையைப் பார்த்து மிரண்டு ஒதுங்குவார்கள். அம்மா முகத்தில் அப்போது வரும் கர்வத்தைப் பிறகு எந்த நாளிலும் நான் பார்க்கவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் அண்ணன் தம்பி என்பதைவிட அப்பன் மகன் மாதிரி இருந்தார்கள், அவ்வளவு வயது வித்தியாசம். ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது அப்பா அவருக்கு ஏரிக்குள்ளேயே வண்டி பழக்கினார். சித்தப்பா வளைத்து வளைத்து ஓட்ட, நான் பின்னால் உருண்டு உருண்டு சிரிக்க, புழுதி கரை வரைக்கும் எழும்பிப் போனது.

பெட்ரோல் விலை ஏறியதும் வண்டி கொட்டகைக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பா அதைக் கிளப்பிச் சற்று நேரம் உறும விட்டு, பழைய வேட்டியால் துடைத்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சில வருடங்களில் அப்பாரும் காலமாகிவிட்டார். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தபின், ஒரே அடுப்பு இனி ஆகாது, பாகம் பிரித்துவிடலாம் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினைக்கு ஒரு முறை உண்டு. "மூத்தவன் பிரிக்கோணும், எளையவன் எடுக்கோணும்" என்பார்கள். மூத்தவன் சொத்து முழுவதையும் இரண்டு பங்காக வைக்க வேண்டும், இளையவன் தனக்குப் பிடித்த பங்கை முதலில் தொடுவான், மிச்சம் மூத்தவனுக்கு. தம்பி தொடுகிறவரை தனக்கு எது வேண்டும் என்று அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது, தொட்ட பிறகு மாற்றவும் கூடாது. இளையவனை யாரும் ஏமாற்றிவிட முடியாதபடி பெரியவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒரு பொருளின்மேல் உயிரையே வைத்திருக்கிற மூத்தவன் என்ன செய்வான் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு அந்த வண்டி வேண்டும். கேட்க முடியாது, ஆனால் கிடைக்கும்படி பங்கு வைக்கலாம். அதற்கு முதலில் வண்டியின் மதிப்பு தெரிய வேண்டும் என்று, டேங்கில் பெட்ரோல் ஊற்றி, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய கார்களை வாங்கி விற்கிற ஒருவர் இருந்தார். பட்டுச் சட்டையும் விரலுக்கு விரல் மோதிரமுமாக, வண்டியைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார். கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றி மட்கார்டு, கதவு, கூரை என்று ஒவ்வோர் இடமாக ஒட்டிப் பார்த்தார். பெயிண்டுக்கு அடியில் நசுங்கலை மறைக்கப் 'பட்டி' மாவு வைத்துப் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாதாம். எங்கள் வண்டியில் எல்லா இடத்திலும் ஒட்டியது. இன்ஜின் நம்பரையும் பாடித் தகட்டையும் ஒத்துப் பார்த்தார். பின்பக்கம் வளைந்திருந்த பெரிய கண்ணாடியைத் தடவி, "இது ஒடஞ்சா கப்பல்லகூட வராதுங்க" என்றார். பிறகு இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கதவு வண்டிய நம்ம பக்கம் யாருங்க வாங்குவா? குடும்பஸ்தன் நாலு கதவு கேப்பான், ஒண்டிக்கட்டைக்குக் கார் எதுக்கு? அதனாலதான் இது எங்கயும் இல்ல. நானே இன்னொண்ணு பாத்ததில்லீங்க."

"அப்ப அருமையான வண்டிங்களா?" என்றார் அப்பா.

"அருமைதான். ஆனா அருமைக்கு விலை வரணும்னா, வேணும்னு கேட்டு ஒரு ஆள் வரணும். கேக்க ஆளில்லாத அருமைய எடை போட்டுத்தான் வாங்குவாங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சில் முகம் தொங்கிப்போயிருக்கும். அப்பாவுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். ஊரில் யாருக்கும் வேண்டாத பொருள் என்றால் போட்டி கிடையாது, தம்பிக்கும் வேண்டியிராது. அது போதும் அவருக்கு. திரும்பி வரும் வழியெல்லாம் மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டே வந்தார்.

அவர் வைத்த பங்கைக் கேட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஒரு பங்கு, வற்றாத கிணறும் தென்னையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விளைகிற மண்ணுமான கிணத்துத் தோட்டம். இன்னொரு பங்கு, மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கல் என்றிருந்த மேட்டுக்காடு, அதனோடு பிளசர்.

"ஏனுங்க, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? ஒரு ஓட்டைப் பிளசருக்கோசரம் தோட்டத்தையே அக்கட்டத் தூக்கி வெக்கறீங்களே, மேட்டுக்காட்டுல பிளசரக் கட்டியா உழுவீங்க? இந்தப் புள்ளைய எத வெச்சுக் கட்டிக் குடுப்பீங்க?"

"தோட்டம் அவனுக்குப் போவட்டும் புள்ள. சின்னவன், பாடுபட்டுப் பழக்கமில்லாதவன். நமக்கு மேட்டுக்காடும் பிளசரும் போதும்" என்றார் அப்பா. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பின் சீட்டு நம்மிடமே இருக்கும் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது.

கருப்பணார் கோயில் முன்னால் இரண்டு வாழையிலைத் துண்டுகள் விரித்தார்கள். ஒன்றில் தோட்டத்து மண் ஒரு கை. இன்னொன்றில் மேட்டுக்காட்டு மண், அதன்மேல் வண்டிச் சாவி. அப்பாவின் தாய்மாமன்தான் நடுவர். "பாத்துத் தொடு சாமி, தொட்டா தொட்டதுதான்" என்றார். சித்தப்பா இலைகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி இலைகளைப் பார்த்தார். அப்பா விதிப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் அவர் கை தன்னையறியாமல் இடுப்பில் எப்போதும் சாவி செருகியிருக்கும் இடத்தைத் தடவியது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். அண்ணன் விவரம் தெரிந்தவன், சேலம் போய் ஆளிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறான், வந்த கையோடு தோட்டத்தையே வண்டி இல்லாத பங்கில் தள்ளுகிறான் என்றால் அந்த வண்டிக்குள் ஒரு தோட்டத்தைவிடப் பெரிய மதிப்பு இருக்கத்தான் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு அவர் சாவியைத் தொட்டார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா சாவியை எடுத்து மண்ணைத் தட்டித் தம்பி கையில் கொடுத்து, "கிளப்பறப்ப சோக்கை ரொம்ப இழுக்காத, தம்பி. அதுக்கு ஆவாது" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வாரமே சித்தப்பா சேலம் போய் அதே ஆளிடம் காட்டியிருக்கிறார்; எடைக்குத்தான் போகும் என்ற அதே பேச்சை அவர் மறுபடியும் சொல்லியிருக்கிறார். சித்தப்பா வாசலில் வந்து நின்று, "சாவியக் காட்டி என்னைக் கவுத்துப்போட்டயேண்ணா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார், அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஊரில் அப்பாவுக்குக் 'கெட்டிக்காரர்' என்று பெயர் வந்தது. தோட்டத்தைக் கையைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள எப்படி ஒரு தந்திரம் செய்தார் பார் என்று பாராட்டினார்கள். வாழ்க்கையில் தந்திரமே தெரியாத மனிதர் அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். தம்பியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை கிளம்பினார். அம்மா குறுக்கே நின்றாள்: "விதியாவது ஒண்ணாவது, சொன்னா மாத்திக்கலாம்னு வருவாங்க. புள்ளைய நெனைச்சுக்குங்க." அப்பா என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

எண்பதுகளில் சித்தப்பா அந்த வண்டியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று பார்த்தார். பொண்ணு மாப்பிள்ளை குனிந்து ஏறமாட்டோம் என்றார்கள். நாமக்கல்லில்தான் வீதிக்கு வீதி லாரி பாடி கட்டுகிற பட்டறை இருக்கிறதே, ஒரு பட்டறையில் கொடுத்து வண்டியை அறுத்து இன்னும் இரண்டு கதவுகள் வைத்துவிட்டார். வேலை சுத்தமான வேலை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்பாவும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அது மாலையும் ரிப்பனுமாக எங்களைக் கடந்து போனது. அப்பா அது வளைவில் மறைகிறவரை பார்த்தார். "நாலு பேரு சவுரியமா ஏறலாம்" என்றார். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போனோம்.

தோட்டம் என்னைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது. அப்பா கடைசிவரை வேறு கார் வாங்கவில்லை. இப்போது அந்த ஏரிக்குள் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள், கொட்டகை இருந்த இடத்தில் நாலுவழிச் சாலைக்குப் போகிற கிளைப்பாதை. நாலு கதவாகிவிட்ட வண்டி, சேலத்துக்காரர் சொன்னபடியே, எடைக்குப் போனது. அவர் சொன்ன 'கேட்டு வருகிற ஆட்கள்' இன்றைக்கு வருகிறார்கள். சித்தப்பாவின் பேரன் கைப்பேசியில் அதே மாதிரி வண்டிகளின் படங்களைக் காட்டி, ரெண்டு கதவு இருந்தால்தான் மதிப்பாம் அத்தை, என்று வயிறெரிகிறான்.

அவன்தான் போன மாசியில் என்னைச் சித்தப்பாவிடம் அழைத்துப் போனான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி எந்தப் பங்கும் மாறப் போவதில்லை. கட்டிலில் சுருண்டிருந்தவரிடம் பேச்சோடு பேச்சாக, "அப்பாவுக்கு அந்தப் பிளசர்தானுங்க சித்தப்பா வேணும்னு இருந்துச்சு. நீங்க தோட்டத்தத் தொடுவீங்கன்னுதான் நெனைச்சாரு" என்றேன்.

சித்தப்பா எழுந்து உட்கார முயன்றார். பேரன் பிடித்துக்கொண்டான்.

"அப்பத் தோட்டத்த எனக்குன்னுதானா வெச்சான்?" என்றார்.

"ஆமாங்க."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "சாவியக் குடுத்தன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணாவே அதுல போயிருக்கலாமே, சாமி" என்றார்.