நகராத லாரியின் ட்ரிப்

நடந்தது இது.

1. சங்ககிரியில் பெரியப்பாவின் லாரி ஆபீஸ். எந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று காட்டும் புரோகிராம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செத்தது.
2. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பெரியப்பா திட்டினார்.
3. அவள் அதைத் திரும்ப ஓடவிட்டாள். ஓடியது. அந்த வாரமே மறுபடி செத்தது. மறுபடி திட்டினார்.
4. இன்னொரு முறை செத்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.
5. எனக்குப் போன் செய்தார்.

ஐந்தாவது முதலில் நடந்திருக்க வேண்டும். இந்த வரிசையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஊட்ல உக்காந்து கம்ப்யூட்டர் வேலதான பாக்கற, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ சாமி" என்றார். போனேன்.

"எதையோ அமுக்கிப் போடறா. கேட்டா முழிக்கறா" என்றார், அவள் காதில் விழும்படி.

"நான் எதையும் அமுக்கலீங்கக்கா" என்றாள் அவள் என்னிடம். "ஐயா சொல்றதத்தானுங்க செய்யறேன்." அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தான்.

அது ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தது. நிரல் முழுவதும் கையில் இருந்தும் அதுவரை நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. செத்து விழுந்த இடமும் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. ஒருமுறை வரைபடம், ஒருமுறை டீசல் கணக்கு. இப்படி இடம் மாறி விழுந்தால் பெரும்பாலும் மெமரிக் கோளாறுதான். மெமரியில் ஓர் இடத்தை வேலை முடிந்ததென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகும் அங்கேயே போய்த் தேடும் புரோகிராம் அது. அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படாதவரை ஒன்றும் ஆகாது. எழுதப்பட்டதும் விழும். காலையில் செய்த தப்புக்கு மதியம் சாவது அதனால்தான்.

மெமரியைக் கண்காணிக்கும் கருவியோடு வீட்டில் ஓடவிட்டேன். நானே ஒரு ட்ரிப்புக்குப் பதிவு திறந்தேன், வண்டி சேலம் போய்த் திரும்பியதாகக் காட்டினேன், மூடினேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால் கருவியை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று நாமக்கல்லுக்குப் போகவேண்டிய வண்டிக்குச் சரக்கு பில் வரவில்லை, அது இல்லாமல் கிளம்ப முடியாது. நல்ல நேரமோ முடியப்போகிறது, அதற்குள் கிளம்பியதாகக் கணக்கு வேண்டும். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கும் அளவுக்கு மட்டும் டிரைவர் வண்டியை உருட்டி நிறுத்தினார்.

"ட்ரிப்பப் போடு புள்ள, நேரம் போவுது!" என்று வாசலிலிருந்து கத்தினார் பெரியப்பா. திறந்தாள். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். "செரி, இப்ப மூடிரு. பில் வந்தப்பறம் புதுசாப் போட்டுக்கலாம்." மூடினாள்.

கருவி சிவப்பு வரிகளாகக் கொட்டியது. வண்டி நகராத ட்ரிப்பை மூடும்போது புரோகிராம் அதை மெமரியிலிருந்து தூக்கி எறிகிறது. ஆனால் ஓடும் ட்ரிப்புகளின் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை, பிறகு அந்த இடத்திலேயே போய்த் தேடுகிறது.

"அவ மேல தப்பில்லீங்க பெரியப்பா. நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கா."

"அப்ப எலுமிச்சம்பழம் வெக்கக் கூடாதுங்கறயா?"

"நல்லா வெய்யுங்க. அவளத் திட்டாதீங்க."

"திட்டுனாத்தான் கவனமா இருப்பா" என்று சிரித்தார்.

திருத்தம் இரண்டே வரி. எழுதி, காரணத்தையும் விளக்கி, அன்று மாலையே புரோகிராம் எழுதியவர்களுக்கு அனுப்பினேன். நகராத வண்டிக்கு யார் ட்ரிப் திறப்பார்கள், இது பயன்படுத்துபவரின் தவறு என்று மரியாதையான ஆங்கிலத்தில் இரவே பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். பெரியப்பா சொன்னதும் அதையேதான்.

மறுநாள் காலை திருத்தத்தை ஆபீசில் போடப் போனேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு புரோகிராம் இன்னொரு முறை செத்திருக்கிறது.

"காரணம் தெரிஞ்சும் அனுப்பிட்டீங்களா?"

"செத்தா வர வேண்டாம்னு சொல்லியிருந்தேனல்ல. சொன்னா சொன்னதுதான்."

திருத்தத்தைப் போட்டேன். வெளியே வந்தேன்.

இப்போது அந்த ஆபீசில் என் திருத்தம் ஓடுகிறது. அதன் பிறகு புரோகிராம் சாகவில்லை. மூடிய புகாரைத் திரும்பத் திறந்து எழுதினேன். பதில் இல்லை. அவள் சேலத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், பெரியப்பாவிடம் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. பெரியப்பா அவளைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அவர் பேசும்வரை அந்த ஆபீசுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். போகவில்லை.