சுரண்டி என்று நான் வைத்த பெயர்

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நான்கு மாதமாக ஊமையாகக் கிடந்த எங்கள் வீட்டு அழைப்பு மணி திடீரென்று அலறியது. கதவைத் திறந்தேன். என் கொழுந்தன் அசட்டுச் சிரிப்போடு நின்றான். அவன் மணக்கவிருந்த பெண், மணியின் பிளாஸ்டிக் மூடியை ஒரு கையிலும் கொண்டை ஊசியை மறு கையிலும் பிடித்திருந்தாள்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்குக்கா. உள்ள தகடு படுத்துக்கிச்சு. நிமித்தி விட்டேன், கத்துது.”

உள்ளே வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டாள். “வரும்போதே கதவைச் சுரண்டிக்கிட்டு வர்றா பாருங்க” என்று என் கணவரின் காதில் சொன்னேன். அன்றே அவளுக்குச் ‘சுரண்டி’ என்று பெயர் வைத்தேன். சுவருக்கும் காது உண்டல்லவா? திருமணமாகி வந்த ஒரே வாரத்தில் பெயர் அவளை எட்டிவிட்டது.

“நல்லாயிருக்குக்கா, கூப்பிடச் சுருக்கமா” என்று சிரித்தாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் ஓரகத்தி பள்ளிப் படிப்போடு நின்றவள். திருமணத்துக்கு முன்பே ஒரு வீடியோ விளையாட்டுக் கூடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் பிடித்து விரலால் அழுத்தி ஆடும் கன்ட்ரோலர்கள் பழுதானால், வெளியே அனுப்பித் திரும்பிவர ஒரு மாதம் ஆயிற்று. அந்தக் காத்திருப்பு பொறுக்காமல் தானே திறந்து பார்த்தாள். ஆறே ஆண்டில் அங்கிருந்த பழுதுபார்க்கும் மேசை அவளுடையதாயிற்று. வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் முட்டை அட்டை இருக்கும். அதன் குழிகளில், கழற்றிய வரிசையிலேயே திருகாணிகள் கிடக்கும். பொருள்களை முறையாக வைப்பதில் என்னை விஞ்ச ஆளில்லை என்றிருந்த எனக்கு, அந்த முட்டை அட்டையைக் காணும்போதெல்லாம் வயிறு எரியும். நான் பள்ளியில் இலக்கணம் கற்பிப்பவள். என் வீட்டில் அரிசி டப்பாவுக்குக்கூடத் தேதி ஒட்டியிருக்கும்.

அவள் வந்த இரண்டாம் ஆண்டில் மாமனாரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை விரல்கள் மடங்க மறுத்தன. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தை மாமனார் சன்னலுக்கு வெளியே எறிந்தார், அதுவும் இடக்கையால். ஓரகத்தி, தன் விளையாட்டுக் கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு கன்ட்ரோலரைக் கொண்டுவந்து தொலைக்காட்சியோடு இணைத்துக் கொடுத்தாள். அதில் கார்ப் பந்தயம். பத்தாம் நாள் அவருடைய கட்டைவிரல் அசைந்தது. அதன்பின் எதற்கெடுத்தாலும் “சின்னவளே!”தான். அவருடைய ரத்தக் கொதிப்புக்குப் பதினாறு ஆண்டு வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்.

ஒன்றையாவது என் கையில் வைத்துக்கொள்ள விரும்பினேன். “கன்ட்ரோலருக்குப் பேட்டரி மாத்துறது என் பொறுப்பு” என்றேன். அதற்கு ஒரு முறையும் வகுத்தேன். இரண்டு பென்சில் பேட்டரிகளையும் ஒருசேர மாற்றுவது வீண். மாதத்துக்கு ஒன்றாக, முறை வைத்து மாற்றினால் சிக்கனம். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டுச்சீட்டு, என் உருண்டைக் கையெழுத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், திரையில் மாமனாரின் கார் வளைவு திரும்பும் நேரத்தில் கன்ட்ரோலர் செத்துவிட்டது. ஞாயிறன்று பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மூன்று சுற்றை மோதாமல் முடித்துக் காட்ட வேண்டும் என்பது மாமனாரின் வைராக்கியம்.

“கொண்டாங்க மாமா, நான் பாக்குறேன்.”

“உனக்கெதுக்கும்மா? சின்னவ வரட்டும். அவ கை பட்டா போதும்.”

அந்தச் சொல் என்னைக் குத்தியது. அவர் கண்ணயர்ந்ததும் கன்ட்ரோலரை அடுக்களைக்கு எடுத்துச் சென்றேன். மூடியைத் திறந்தால், பேட்டரி கக்கிய வெள்ளைப் பொருக்கு ஸ்பிரிங்கில் உப்பாகப் பூத்திருந்தது. அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். காய்கறிக் கத்தியால் சுரண்டினேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. இற்றுப்போயிருந்த ஸ்பிரிங் முறிந்து தரையில் விழுந்தது. அதை எடுத்து உள்ளே போட்டு, பேட்டரிகளைத் திணித்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மாலையில் அவள் மாமனாருக்கு எதிரே அமர்ந்து மூடியைத் திறந்தாள். கிளறுவதற்கு எதுவுமில்லாத கரண்டியோடு நான் அடுக்களை வாசலில் நின்றேன். கத்திக் கீறல்களைப் பார்த்தாள். இரண்டு சீட்டுகளின் தேதிகளையும் படித்தாள். பிறகு சீட்டுகளை உரித்து உருட்டி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“என்னம்மா, யாரோ நோண்டுன மாதிரி இருக்கே?” என்றார் மாமனார். பார்வைக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை.

“நான்தான் மாமா. போன மாசம் அவசரத்துல சுரண்டிட்டேன். அதான் ஒடைஞ்சிருச்சு. பேரே சுரண்டிதானே!”

“பேருக்கேத்த வேலை!” என்று அவர் கோபமாகவே சொன்னார். “பெரியவளைப் பாத்துக் கத்துக்க. பேட்டரி மாத்துறதுக்குக்கூடத் தேதி எழுதி வைக்கிறா.”

பல ஆண்டு ஏங்கிய பாராட்டு வந்தேவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டுப் பொருக்கின் மேல் வைத்தாள். அது நுரைத்துக் கரைந்தது. துடைத்து, உலர்த்தி, ஒரு செத்த ரிமோட்டிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கைப் பற்றவைத்தாள். பாத்திரம் கழுவும்போது என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“பழசும் புதுசும் ஒண்ணாப் போடக்கூடாதுக்கா. புதுசு இழுக்கிற இழுப்புக்குப் பழசு தாங்காது, கக்கிடும்.”

“என்னைச் சொல்றியா?”

“அய்யோ, பேட்டரியச் சொன்னேன்கா!”

ஞாயிறன்று மாமனார் மூன்றாம் சுற்றின் கடைசி வளைவில் சுவரில் மோதினார். ஆனாலும் விடைபெறும்போது பிசியோதெரபிஸ்ட் நீட்டிய கையை வலக்கையால் பற்றிக் குலுக்கினார்.

அதற்குப்பின் எங்களுக்குள் எத்தனையோ சண்டைகள். தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, மாடியில் துணி உலர்த்தும் கொடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இன்று அவள் அதைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்தப் பொறுமையின் மீதும் எனக்குப் பொறாமைதான். மாமனார் இன்றும் வீட்டுக்கு வருபவர்களிடம், “சின்னவ கெட்டிக்காரி, ஆனா சுரண்டி ஒடைச்சிடுவா” என்று கதை சொல்கிறார். அவள் சிரித்தபடி காலிக் குவளைகளை எடுத்துச் செல்கிறாள். சுரண்டி என்பது என்னுடைய பெயர். அதை என்னிடம் திருப்பித் தர அவளுக்கு முழு உரிமை உண்டு. இதுவரை அவள் தரவில்லை.