ஸ்ரீரங்கன் தோள் கொடுத்த கதை

மயிலாப்பூரில் ஒருவன் மேல்சட்டை இல்லாமல் நடமாடவேண்டிய இடங்கள் அதிகம். கோயில், குளக்கரை, கல்யாணப் பந்தி, சொந்த வீட்டுக் கூடம். தியாகராய நகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீரங்கனுக்கு இவை எல்லாமே வேதனை. ஆபீஸில் கோட்டு காப்பாற்றியது. டிராமை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், மனைவி விஜயலக்ஷ்மியின் எதிரில்கூட அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொள்வான். ஆள் ஒல்லி, அதோடு குள்ளம். ஊர் ஒல்லியைப் பற்றித்தான் பேசியது. அவனும் அதைப் பற்றியே கவலைப்பட்டான்.

ஊர் பேசக் காரணம் இருந்தது. பெருமாள் கோயிலில் கருட சேவையன்று வாகனத்தைச் சுமப்பவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். ஸ்ரீரங்கனின் அப்பா ஆயுசு முழுக்கச் சுமந்தவர். அவருக்குப் பிறகு அந்த இடம் பிள்ளைக்கு வரவேண்டும். ஆனால் தாங்கிகளுக்குத் தலைவரான சடகோபன், இவன் பெருமாளைத் தாங்குவானா, இல்லை பெருமாள்தான் இவனைத் தாங்கவேண்டுமா என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டார். சிரிப்பு வீடு வரை வந்தது. விஜயலக்ஷ்மியின் காதிலும் விழுந்தது. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த கருட சேவைக்குள் உடம்பைத் தேற்றி, அப்பா நின்ற இடத்தில் நிற்பது என்று ஸ்ரீரங்கன் தீர்மானம் செய்தான். ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த பயில்வான் படத்தைக் கத்தரித்துப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினான். அந்தத் தோள்தான் வேண்டுமாம். அந்த எலும்பு யாருடையது, தன் எலும்பு யாருடையது என்று யோசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. மீர்சாகிப்பேட்டையில் தேகப்பயிற்சி சொல்லித்தரும் ஒரு தாலீம்கானாவில் சேர்ந்து, விடியற்காலையில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தான், கரலாக்கட்டை சுற்றினான். ஊறவைத்த கொண்டைக்கடலையை அளவில்லாமல் தின்று, வயிறு கெட்டு, ஆபீஸுக்கு லீவு போட்டான். அங்கே பயிற்சி கொடுத்த உஸ்தாத், இத்தனை அவசரம் ஆகாது என்று பலமுறை சொல்லிப் பார்த்தார்.

"இதுவும் நல்ல ஒடம்புதான் சாமி. இதால இன்னா முடியுதோ அத்த மட்டும் கேளு," என்றார்.

அது எங்கே அவன் காதில் ஏறப்போகிறது?

ஆனால் உடம்பு அவனைக் கைவிடவில்லை. மெல்ல மெல்லப் புஜம் இறுகியது, மார்பு கொஞ்சம் விரிந்தது. பயில்வான் ஆகவில்லை, ஆட்டுக்கல்லைத் தனியாக நகர்த்தும் அளவுக்குத் தேறினான். வீட்டில் போர்த்திக்கொள்வதை விட்டான். விஜயலக்ஷ்மியும் ஒரு நாள் பரிமாறிக்கொண்டே, தேறியிருக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். பாவி மனுஷன் அந்தச் சிரிப்போடு திருப்தி அடைந்திருக்கலாம். நேரே சடகோபனிடம் போய் நின்றான். அவர் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, வா என்றார்.

கருட சேவையன்று காலையில் சடகோபன் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்.

"நீ நடுவுல நில்லு. முன்னும் பின்னும் நம்மாத்துப் பசங்க இருக்கா," என்றார் ஸ்ரீரங்கனிடம்.

வாகனத்தைத் தோளில் சுமக்கும் நீளத் தண்டு எழும்பியது. நம்மாத்துப் பசங்கள் இரண்டு பேரும் நெட்டை. தண்டு அவர்கள் தோளில் உட்கார்ந்தது. ஸ்ரீரங்கனின் தோளுக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுப் போயிற்று. துண்டை மடித்துத் தோளில் வைத்தான். தண்டு துண்டை உரசியதே தவிர அழுத்தவில்லை. குதிகாலைத் தூக்கி நடந்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சும்மா போகக் கூடாதே என்று கையை உயர்த்தித் தண்டைப் பற்றினான். பின்னால் வந்தவன் மூச்சிரைக்க, "தொங்காதேடா, கையை எடு. எங்களுக்குப் பாரம்," என்றான்.

கையை எடுத்தான். விலகிப் போகவும் வழியில்லை. பெருமாள் நடந்துகொண்டிருக்கும்போது தண்டுக்கடியிலிருந்து எவன் விலகுவான்? தோள் தயாராகத்தான் இருந்தது. உயரத்துக்கு அவன் என்ன தண்டால் எடுப்பான்? மாட வீதி முழுக்க அப்படியே வெறுந்தோளோடு நடந்தான். வாசலுக்கு வாசல் கற்பூரம் காட்டினார்கள். அப்பாவைப் போலவே பிள்ளை என்று யாரோ சொன்னது கேட்டது. தெரு முனையில் விஜயலக்ஷ்மி நின்றிருந்தாள். பெருமாளைச் சேவிப்பதை விட்டு இவனையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

மத்தியானம் வீடு திரும்பியதும் அவள் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அவன் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. அவனைக் கூடத்தில் உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்தாள். வாகனம் சுமந்தவர்களுக்குத் தோள் கன்றிச் சிவந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தோளைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த தோளையும் பார்த்தாள்.

"எந்தத் தோள்னா?" என்று கேட்டாள்.

ஸ்ரீரங்கன் இடது என்றான். உடனே, இல்லை, வலது என்றான். அவள் இரண்டிலும் எண்ணெய் தடவினாள்.